சுற்றாடல் களப்பணி அணிக்குக் கோச்சிங்: 40 மணித்தியாலத்தை எப்படிப் பிரிப்பது?

வழுக்கையாறு கேட்டது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் நிலத்தடி நீர், திண்மக் கழிவு, கண்டல் மீள்நடுகை ஆகிய மூன்றிலும் வேலை செய்கிற ஓர் அணிக்கு, முழுக்கவனப் பயிற்சியோடு (மைண்ட்புல்னஸ்) சேர்ந்த கோச்சிங் திட்டம் ஒன்று வரைய வேண்டியிருக்கிறது. மொத்தம் 14 பேர். ஒரு பணிப்பாளர், இரண்டு திட்ட முகாமையாளர்கள், மிச்சம் 11 பேர் கள உத்தியோகத்தர்களும் தரவு பார்ப்பவர்களும். காலம் 12 கிழமை. வெளியில் இருந்து வரும் கோச் ஒருவருக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் காசு கொடுக்க வழியில்லை.

லீவு எடுப்பது கூடியிருக்கிறது. காலாண்டு அறிக்கை நேரம் ஆளுக்காள் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. "என்ன செய்தாலும் ஒன்றும் மாறப்போறதில்லை" என்ற கதை தேத்தண்ணி நேரத்தில் அடிக்கடி வருகிறது. ஒருநாள் யோகாச் செயலமர்வு வைத்தால் சரி என்பது மேலிடத்து யோசனை. அது போதாது என்று தெரிகிறது.

மணித்தியாலத்தை எப்படிப் பிரிக்கலாம்? மூச்சுப் பயிற்சி, தியானம் எல்லாருக்கும் பொருந்துமா? பலன் இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? விபரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

பனங்கூடல் எழுதியது:

முதலில் "களைப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் கிடக்கிற மூன்றைப் பிரித்தெடுங்கோ. பிரிக்காமல் தொடங்கினால் மூன்று வருத்தத்துக்கும் ஒரே மருந்து கொடுத்ததாகிவிடும்.

ஒன்று பணிச்சோர்வு. உலக சுகாதார ஸ்தாபனம் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி. 11-இல் இதை ஒரு நோயாக வைக்கவில்லை. சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட வேலை நெருக்கீட்டின் விளைவு என்றுதான் வைத்திருக்கிறது. சக்தி வற்றிப்போவது, வேலையில் இருந்து மனம் விலகுவது, தன் வேலையில் பலனில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதன் அடையாளம். மற்றது துக்கம். நட்ட கண்டல் கன்று பட்டுப்போவதையும் கிணறு உவராவதையும் வருஷக்கணக்காகப் பார்க்கிறவர்களுக்கு வருவது. அவுஸ்திரேலிய மெய்யியலாளர் கிளென் அல்பிரெக்ட் இதற்கு "சொலஸ்டால்ஜியா" என்று பெயர் வைத்தார்: ஊரை விட்டுப் போகாமலே, ஊர் கண்முன்னால் மாறுவதால் வருகிற ஊர்த்துயர். இடம்பெயர்ந்து திரும்பி வந்த ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூன்றாவது அறநெருக்கீடு. செய்யவேண்டியது என்னவென்று தெரியும், கையில்தான் ஒன்றும் இருக்காது.

உங்கள் அணியில் இந்த மூன்றாவதுதான் கூட இருக்கும் என்று நினைக்கிறேன். கிட்டப் போய்ப் பாருங்கோ. கோண்டாவில் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கிணற்று நீரின் முடிவுத் தாளை உத்தியோகத்தர் கொண்டுபோகிறார். நைத்திரேற்று, வழிகாட்டு அளவான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. ஒரு பக்கம் தோட்டத்து யூரியா, மற்றப் பக்கம் மலக்குழி, கீழே வெடிப்பு விழுந்த சுண்ணக்கல். மேலே போட்டது கீழே போய்ச் சேரக் கனகாலம் எடுக்காது. வீட்டு அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்கிறா: "அப்ப நாங்கள் என்னத்தைத் தம்பி குடிக்கிறது?" தாளில் அதற்கு மறுமொழி இல்லை. ஒரு நாளைக்கு ஆறு வீடு என்றால் ஆறு தரம் இதே கேள்வி. பின்னேரம் கந்தோருக்கு வருகிற அந்த ஆளிடம் "மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கோ" என்று மட்டும் சொன்னால் அது அவரை அவமதிப்பது.

கோச்சிங் அமர்வில் இதை எடுக்கும் ஒழுங்கு இப்படி இருக்கலாம். அந்தக் கேள்வி வரும்போது உடம்பில் எங்கே தெரிகிறது, நெஞ்சிலா, தொண்டையிலா? அந்த நேரம் வாயில் வந்தது என்ன? பொய் சொல்லாமல் சொல்லக்கூடியது எது? அதைச் சொல்வதற்கு யாரிடம் இருந்து என்ன வேண்டும்? முதல் கேள்விதான் முழுக்கவனம். கடைசிக் கேள்வி விஷயத்தை முகாமையாளரின் மேசைக்குக் கொண்டுபோகும். அங்கே இருந்து வரவேண்டியது இரண்டாவது தாள் ஒன்று. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் வற்றச் செறிவுதான் கூடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த, புட்டிப்பால் குடிக்கிற குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால்மா கரைக்கக் கூடாது. அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை எங்கே காணலாம், கிட்ட எந்த இடத்தில் நல்ல தண்ணீர் எடுக்கலாம். அரைப் பக்கம் போதும். அந்த அம்மாவின் கவலை இதனால் தீராது. ஆனால் உத்தியோகத்தர் வெறுங்கையோடு நிற்க வேண்டி வராது. கோச்சிங்கில் இருந்து இப்படி ஒரு தாளாவது பிறக்காவிட்டால் அந்தக் கோச்சிங் மனத்தோடு மட்டும் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

களத்துக்கு ஏற்ற பயிற்சியும் வேண்டும். படலையைத் தாண்டி வந்ததும், மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ண முதல், 90 செக்கன். இரண்டு பாதமும் நிலத்தில். 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுவது. ஒரு மூச்சுக்கு 10 செக்கன், ஒன்பது மூச்சு. வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்புத் தணியும். மூச்சை அடக்கி வைத்திருக்கக் கூடாது, முக்கியமாகப் பிறசர், இதய வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும். தலை சுற்றினால் மூச்சு மிதமிஞ்சி ஆழமாகிவிட்டது. எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சாதாரணமாக விடச் சொல்லுங்கோ. பிறகு கொப்பியில் ஒரேயொரு வரி: இந்த வீட்டில் இருந்து என்னோடு வருவது என்ன? அடுத்த அமர்வுக்கு அந்தக் கொப்பியே பொருள்.

மணித்தியாலக் கணக்கு: பணிப்பாளருக்கும் இரண்டு முகாமையாளர்களுக்கும் இரு கிழமைக்கு ஒருக்கால் ஒரு மணித்தியாலம் தனியாக, ஆளுக்கு ஆறு அமர்வு, 18. மற்ற 11 பேரை ஐந்தும் ஆறுமாக இரண்டு வட்டமாக்கி, வட்டத்துக்கு ஆறு அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம், அதுவும் 18. மிச்ச நாலில் இரண்டு தொடக்கக் கூட்டத்துக்கு, இரண்டு முடிவுக்கு. 14 பேருக்கும் தனித்தனி என்று போனால் 84 மணித்தியாலம் வரும், கட்டாது.

வட்டத்துக்குள் முகாமையாளரை இருத்த வேண்டாம். "பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன்" என்று வந்தாலும் வேண்டாம்.

இன்னொன்று. ஜோன் விற்மோர் பிரபலப்படுத்திய குரோ (GROW) என்ற கோச்சிங் கேள்வி முறையில் இலக்கு முதல், நடப்பு பிறகு. சோர்ந்துபோன ஆளிடம் எடுத்தவுடன் இலக்கைக் கேட்டால் அறிக்கை எழுதுகிற மாதிரித்தான் மறுமொழி வரும். நடப்பில் தொடங்குங்கோ. எங்கட பக்கத்தில் கோச்சை மாஸ்டராகப் பார்க்கிற பழக்கமும் இருக்கிறது. இரண்டாவது அமர்விலேயே "நீங்களே சொல்லுங்கோ சேர்" என்று வரும். கோச் உடனே சொல்லிவிட்டால் மிச்ச அமர்வெல்லாம் வகுப்பாகிவிடும். மனதுக்குள் பத்து எண்ணும்வரை பொறுத்திருந்து, "இதில் உங்கட கையில இருக்கிறது எவ்வளவு?" என்று கேட்கத் தெரிந்த ஆளைத் தேடுங்கோ.

படலையடி எழுதியது:

தியானம் எல்லாருக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு: பொருந்தாது. இங்கே அதைக் கட்டாயம் கவனத்தில் எடுக்க வேண்டும்.

ஷெல்லடிக்குள் இருந்து வந்தவர்கள், ஆட்களைத் தொலைத்தவர்கள் எந்தக் கந்தோரிலும் இருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சைக் கவனிக்கச் சொன்னால் சிலருக்குப் பழைய காட்சி எழும். உடம்பை உச்சியில் இருந்து பாதம்வரை கவனிக்கிற பயிற்சி, நிலத்தில் படுத்துச் செய்வது, இருட்டு அறை எல்லாம் அதே ஆபத்து. அதனால் கண் திறந்தபடி, பார்வை நாலு அடி தூரத்தில் தரையில். கவனத்தை வைக்க மூன்று இடம் கொடுங்கோ: பாதம், உள்ளங்கை, வெளியில் கேட்கிற ஒரு சத்தம். மூச்சு நாலாவது, விரும்பினால் மட்டும். பனங்கூடல் சொன்ன 90 செக்கனிலும் இந்தத் தெரிவு இருக்க வேண்டும். எத்தனை நிமிடம் என்று முதலே சொல்லுங்கோ. கதவு பூட்டியிருக்கக் கூடாது. எழும்பிப் போகிறவரிடம் காரணம் கேட்கக் கூடாது. முடிப்பதற்கு மணி அடிக்க வேண்டாம். வாயால் மெதுவாகச் சொன்னால் போதும்.

ஒருவர் வெறித்துப் பார்த்துக்கொண்டு மறுமொழி சொல்லாமல் இருந்தால், கை குளிர்ந்து வியர்த்தால், நடுங்கினால் பயிற்சியை அங்கேயே நிறுத்த வேண்டும். தொடாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று என்ன திகதி, இது எந்த இடம் என்று சொல்லுங்கோ. பாதத்தால் நிலத்தை அழுத்தச் சொல்லுங்கோ. கண்ணில் தெரிகிற ஐந்து பொருளின் பெயர் கேளுங்கோ. கையில் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் கொடுக்கலாம். "என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று அந்த இடத்தில் கிளறக் கூடாது. அது உளவளத்துணையாளரின் அல்லது உளமருத்துவரின் வேலை. போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவும், 1926 என்ற தேசிய உளநல அழைப்பு இலக்கமும் தொடக்கக் கூட்டத்திலேயே எல்லார் கையிலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

"தியானம்" என்ற சொல்லையே தவிர்க்கலாம். சைவர், கத்தோலிக்கர், இஸ்லாமியர் சேர்ந்திருக்கிற அணியில் அது யாரோ ஒருவரின் சமயமாகக் கேட்கும். "நின்று கவனிக்கிறது" என்றால் எல்லாருக்கும் விளங்கும். தனியே செய்யும்போது அவரவர் விரும்பியதைச் சேர்க்கட்டும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் இங்கே பண்பாட்டோடு ஒட்டிய தளர்வு முறைகளைச் சிகிச்சையில் சேர்த்தபோது இதைத்தான் செய்தார்கள்: சைவருக்கு மந்திர உச்சாடனம், கத்தோலிக்கருக்குச் செபம், இஸ்லாமியருக்குத் திக்ர் (இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது). மூச்சோடு வாயில் பழகின சொல் சேரும்போது மனம் கெதியாகப் பிடித்துக்கொள்ளும்.

அளவு பற்றியும் ஒரு சொல். ஜோன் கபாட்-சின் 1979-இல் மசாசுசெட்சில் தொடங்கிய முழுக்கவனத் திட்டம் எட்டுக் கிழமை. கிழமைக்கு ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம், வீட்டில் நாளுக்கு 45 நிமிடம். வேலை முடிந்து போய் இரவுச் சாப்பாடு சமைத்து, பிள்ளைகளின் கொப்பி பார்க்கிற ஒரு பெண் உத்தியோகத்தருக்கு அந்த 45 நிமிடம் எங்கே இருந்து வரும்? நாளுக்கு 10 நிமிடம், அதுவும் வேலை நேரத்துக்குள் என்று எழுதுங்கோ. ஆனால் அந்த எட்டுக் கிழமைத் திட்டத்தின் ஆய்வு முடிவுகளை 10 நிமிடத்துக்குச் சொந்தமாக்கி முன்மொழிவில் எழுத வேண்டாம்.

சோளகம் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் வேலைப்பளுவைத் தொடாமல் இதைச் செய்யக் கூடாது என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் பிளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், பிரித்தானியாவின் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பேரின் தரவு இருக்கிறது. முழுக்கவனப் பயிற்சி, தாங்குதிறன் வகுப்பு, செயலி என்று தனியாளைக் குறிவைத்த திட்டங்களில் பங்குபற்றியவர்கள், பங்குபற்றாதவர்களைவிட நலமாக இருந்ததாகத் தெரியவில்லை. ஒரே நேரத்தில் எடுத்த குறுக்குவெட்டுத் தரவு என்பதால் அதை இறுதித் தீர்ப்பாக எடுக்க ஏலாது. ஆனால் மேலிடத்தின் யோகா யோசனைக்கு முன்னால் வைக்க அது போதும். வேலையிடத்து உளநலம் பற்றி 2021-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 45003 என்ற சர்வதேசத் தரமும் வேலை ஒழுங்கைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறது: பளு, நேரம், பொறுப்புத் தெளிவு, மேற்பார்வை.

ஒரு ஏ3 தாளை மேசையில் விரியுங்கோ. இடது பக்கம் ஒவ்வொரு வேலையும். அடுத்து யார் கேட்கிறார்கள், எப்போது, மாதத்துக்கு எத்தனை மணித்தியாலம். பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரு சொல்: விடலாம், சேர்க்கலாம், தள்ளலாம், இருக்கட்டும். அதிகம் அகப்படுவது "சேர்க்கலாம்" வரிகள். ஜெனரேற்றர் டீசலை ஒரு நிதி வழங்குநர் லீற்றரில் கேட்பார், இன்னொருவர் ரூபாயில், மூன்றாமவர் காபனீரொட்சைட்டில். மூன்று ஆள் மூன்று எக்ஸெலில் அடித்து, மாத முடிவில் மூன்றும் ஒத்துவராமல் இரவிரவாக இருந்து தேடுவார்கள். ஜெனரேற்றருக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி தொங்கட்டும்: திகதி, ஊற்றின லீற்றர், விலை, ஓடின மணித்தியாலம். லீற்றருக்குச் சுமார் 2.68 கிலோகிராம் என்று பெருக்கினால் மூன்றாவது கணக்கும் வந்துவிடும். இது உளநலம் இல்லை என்று யாரும் சொன்னால் காலாண்டு முடிகிற கிழமை கந்தோருக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கோ.

வெயிலையும் கணக்கில் எடுங்கோ. சித்திரை, வைகாசியில் மத்தியான நேரம் கண்டல் நடுகைக்கோ கிணற்று மாதிரிக்கோ ஆள் அனுப்பினால் பின்னேரத்துச் சினத்துக்கு மனதில் காரணம் தேடத் தேவையில்லை. காலை 6.30 முதல் 10.30 வரை களம், பிறகு கந்தோர்.

வழுக்கையாறு எழுதியது:

மூவருக்கும் மெத்தப் பெரிய நன்றி. டீசல் விஷயம் எழுதினபடியே நடக்கிறது.

இரண்டு சிக்கல். பணிப்பாளர் "யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று எனக்கு அறிக்கை வேண்டும்" என்கிறார், நல்ல எண்ணத்தோடுதான். மற்றது, யாழ்ப்பாணத்துக்குள் எந்தக் கோச்சை எடுத்தாலும் அணியில் யாருக்காவது சொந்தமாகவோ, படிப்பித்தவராகவோ இருக்கிறார்.

பனங்கூடல் எழுதியது:

சொந்தம் என்றால் வேண்டாம், எவ்வளவு நல்லவர் என்றாலும். தனி அமர்வுகளுக்கு மட்டக்களப்பிலோ கொழும்பிலோ இருக்கிற தமிழ் பேசும் கோச்சை சூமில் எடுக்கலாம். வட்டங்களுக்கு மட்டும் நேரில் வரட்டும். அமர்வு இரு கிழமைக்கு ஒருக்கால் என்பதால் இரண்டு வட்டத்தையும் ஒரே நாளில் வைத்தால் பயணச் செலவும் குறையும். சான்று பார்ப்பதென்றால், சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பின் முதல் படிக்கு 60 மணித்தியாலப் பயிற்சியும் 100 மணித்தியாலக் கோச்சிங் அனுபவமும் கேட்பார்கள். அடுத்த படிக்கு 125-உம் 500-உம். சான்று மட்டும் போதாது. படலையடி எழுதின நடுக்கம், வெறித்த பார்வை பற்றிக் கேட்டுப் பாருங்கோ. "அப்படி வந்தால் நான் அதைக் கதைத்துத் தீர்ப்பேன்" என்கிறவரை எடுக்க வேண்டாம்.

அறிக்கை விஷயத்துக்கு ஒரு பக்க ஒப்பந்தம், பணிப்பாளர், கோச், பங்குபற்றுகிறவர் மூவரும் கையெழுத்து வைக்கிறது. பணிப்பாளருக்குப் போவது இரண்டுதான்: எத்தனை அமர்வு நடந்தது, இரண்டு வட்டத்திலும் பொதுவாக எழுந்த வேலை ஒழுங்குப் பிரச்சினைகள். பெயர் இல்லை, "பெண் உத்தியோகத்தர்கள்", "கழிவுப் பிரிவு" என்ற பிரிப்பும் இல்லை. 14 பேருக்குள் பிரித்தால் ஆளை உடனே பிடித்துவிடலாம். தனக்கோ பிறருக்கோ உயிராபத்து என்றால் மட்டும் இரகசியம் காக்கப்படாது என்றும், அப்போது யாருக்கு அறிவிக்கப்படும் என்றும் அதில் இருக்க வேண்டும். சம்பள உயர்வு, வருடாந்த மதிப்பீடு எதற்கும் இது பயன்படாது என்பதையும் எழுத்தில் வையுங்கோ. கோச்சின் குறிப்புகள் எப்போது அழிக்கப்படும் என்பதும் வேண்டும்.

அளப்பதற்கு உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐந்து கேள்விச் சுட்டெண் நல்லது. கடந்த இரண்டு கிழமையில் மனம் மகிழ்வாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, உற்சாகமாக இருந்தீர்களா, எழும்பும்போது களைப்பு ஆறி இருந்ததா, நாளாந்த வாழ்க்கையில் ஈடுபாடு இருந்ததா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டினால் 25-க்குள் வரும், 4-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு. கூட்டுத்தொகை 13-க்குக் கீழே என்றால் மனச்சோர்வு இருக்கிறதா என்று அவரவரே போய்க் காட்டிப் பார்க்க வேண்டும். 1-ஆம், 6-ஆம், 12-ஆம் கிழமைகளில் அவரவரே நிரப்பி அவரவரே வைத்திருக்கட்டும். 14 பேரின் சராசரி ஒன்றும் சொல்லாது. ஒருவர் தடிமன் காய்ச்சலோடு நிரப்பினாலே அது இறங்கிவிடும்.

பணிப்பாளருக்குக் காட்ட எண் வேண்டும் என்றால் வேலையை எண்ணுங்கோ. ஏ3 தாளில் எத்தனை வரி சேர்ந்தது, எத்தனை விடப்பட்டது. பின்னேரம் 6 மணிக்குப் பிறகு அணியின் வட்ஸ்அப்பில் போன வேலைச் செய்திகள் கிழமைக்கு எத்தனை. இரண்டாவது தாளோடு போன வீடுகள் எத்தனை.

சோளகம் எழுதியது:

அந்த 6 மணிச் செய்திகளைத் தொடங்குவது பெரும்பாலும் பணிப்பாளர்தான். "அவசரமில்லை, நாளைக்குப் பாருங்கோ" என்று போட்டாலும் கீழே இருக்கிறவர் இரவே பார்ப்பார், மறுமொழி போடுவார். செய்தியை எழுதிவிட்டுக் காலை 8.30-க்குப் போகிற மாதிரி மின்னஞ்சலில் நேரம் வைக்கலாம். வட்ஸ்அப்பை வெள்ளம், புயல், விபத்துக்கு மட்டும் வையுங்கோ. பணிப்பாளரின் முதல் இரண்டு தனி அமர்வும் வட்டங்கள் தொடங்குவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். மேலே ஒன்றும் அசையாமல் கீழே வட்டம் கூடினால் மூன்றாவது அமர்வில் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

வழுக்கையாறு எழுதியது:

எப்போது தொடங்குவது நல்லது? ஆடி என்று யோசிக்கிறோம்.

படலையடி எழுதியது:

நல்லூர்க் கொடியேற்றத்தில் இருந்து 25 நாள் திருவிழா. கனபேர் விரதம், லீவும் கூட. அது முடிந்த அடுத்த கிழமை தொடக்கக் கூட்டத்தை வையுங்கோ. ஆனால் செப்டெம்பர் கடைசியில் காலாண்டு முடிகிறது. அந்த மாதத்துக் கடைசி இரண்டு கிழமையும் வட்டம் வைக்க வேண்டாம். பணிப்பாளரின் அந்த இரண்டு தனி அமர்வையும் அதற்குள் முடித்தால், வட்டங்களை ஒக்டோபர் பிறக்கத் தொடங்கலாம். மழை தொடங்கிவிடும், களவேலையும் குறையும். நேரம் காலை 9 மணி. பின்னேரம் வைத்தால் நெடுந்தீவு, நயினாதீவுப் பக்கத்து ஆக்கள் குறிகட்டுவானில் கடைசிப் படகைப் பிடிக்க வேண்டுமென்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.